பாலிஷ் மாறினால் தேய்மானமும் மாறும்: பல் பொருள்களின் தேய்மான ஆய்வை முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் 32 சாம்பிள்கள் குப்பைக்குப் போயின. நான்கு பொருள்கள், பொருளுக்கு எட்டு. எல்லாவற்றையும் ஒரே மணல்தாளில் ஒரே நேரம் தேய்த்தேன். பாரபட்சம் இல்லாமல் நடத்தியதாக எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு மெல்லும் இயந்திரத்தில் (மெல்லுவதைப் போலச் சாம்பிளையும் பல்லையும் தேய்த்துப் பார்க்கும் கருவி) ஏற்றினேன். முடிவில் ஜிர்கோனியா (கிரவுன் செய்யும் கடினமான பீங்கான்) எதிர்ப்பல்லின், அதாவது எதிரே கடிக்கும் பல்லின், எனாமலைத் தின்றிருந்தது. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். என் வழிகாட்டி ஆசிரியர் சாம்பிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஜிர்கோனியா தேய்த்ததா, உன் தாள் விட்டுவைத்த கீறல் தேய்த்ததா?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். அந்தத் தாளில் காம்போசிட் (பல்லை அடைக்கும் பிசின் கலவை) வழவழப்பானது. ஜிர்கோனியாவிலோ தாள்தான் தேய்ந்தது, வெட்டிய கோடுகள் அப்படியே நின்றன. பொருளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துச் சொரசொரப்பை ஒப்பிட்டிருக்கிறேன். அந்தத் தவறில் போனது ஏறக்குறைய ஐந்து மாதம். உங்களுக்கு அது நேர வேண்டாம் என்பதற்காக, இரண்டாம் முறை செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். பல் மருத்துவ மேற்படிப்பில் ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கிரவுனை (பல் மேல் போடும் தொப்பி) கடிக்கேற்பச் சரிசெய்துவிட்டுப் பாலிஷ் போடாமல் அனுப்பும் பழக்கம் உள்ளவர்களும் 5-ஆம் பகுதியைப் படிக்கலாம்.

1. யாருடைய தேய்மானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தேய்மானம் என்றால் இரண்டு விஷயம். பொருள் தேய்வது ஒன்று, பொருளுக்கு எதிரே உள்ள பல் தேய்வது இன்னொன்று. பீங்கான் வகையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் கவலை. காம்போசிட்டில் முதலாவது. இரண்டையும் அளக்க ஆசை வரும். அளக்கலாம், ஆனால் எது முதன்மை அளவு என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சாம்பிள் எண்ணிக்கை அதை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

கடினமான பொருள்தான் பல்லை அதிகம் தேய்க்கும் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். கடினத்தைச் சொல்லும் விக்கர்ஸ் அளவில் எனாமல் ஏறக்குறைய 300 முதல் 350. கண்ணாடி கலந்த பீங்கானான லித்தியம் டைசிலிகேட் 550-ஐ ஒட்டி. ஜிர்கோனியா 1200-ஐ ஒட்டி. இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஜிர்கோனியாதான் வில்லன். ஆனால் நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா, கிளேஸ் (மேலே உருக்கிய கண்ணாடித் தோல்) போட்ட ஜிர்கோனியாவைவிடக் குறைவாகவே எதிர்ப்பல்லைத் தேய்க்கிறது. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

காரணம் இதுதான். ஜிர்கோனியாவின் படிகங்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான பொடி அளவு. எளிதில் உடைந்து பெயராது. நீங்கள் வழவழப்பாக விட்டால் வழவழப்பாகவே இருக்கும், கீறலோடு விட்டால் அந்தக் கீறல் வருடக்கணக்கில் அரம் மாதிரி ராவிக்கொண்டிருக்கும். கண்ணாடி கலந்த பீங்கான்கள் அப்படியல்ல. வழவழப்பாகத் தொடங்கினாலும் மெல்ல மெல்லச் சில்லு பெயர்ந்து சொரசொரப்பாகும். பெயர்ந்த சில்லும் நடுவில் சிக்கித் தேய்க்கும். ஆகவே கேள்வியை "எந்தப் பொருள் அதிகம் தேய்க்கிறது" என்று எழுதாமல், "இந்தப் பொருளில், எந்த மேற்பரப்பு முடிப்பு அதிகம் தேய்க்கிறது" என்று எழுதுங்கள்.

நான் இரண்டாம் முறை எடுத்த ஆறு குழுக்கள் இவை: ஜிர்கோனியா மூன்று விதம் (டயமண்ட் பர் என்ற வைரத்துகள் பதித்த அரைக்கும் முனையை ஓட்டி அப்படியே விட்டது, பாலிஷ் செய்தது, கிளேஸ் போட்டது), லித்தியம் டைசிலிகேட் இரண்டு விதம் (பாலிஷ், கிளேஸ்), ஒப்பீட்டுக்கு எனாமல். எனாமலுக்கு எதிரே எனாமல் என்ற குழு இல்லாவிட்டால் உங்கள் எண்கள் அந்தரத்தில் தொங்கும். வாயில் இயல்பாகவே கடைவாய்ப் பற்களின் எனாமல் வருடத்துக்குச் சுமார் 29 மைக்ரான் தேய்கிறது, முன்கடைவாயில் சுமார் 15 மைக்ரான். 1989-இல் வந்த இந்த அளவுகளைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பல் எப்படியும் தேயத்தான் செய்யும். அதைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் விஷயம்.

2. ஆவணங்கள்

வேலையைவிட ஆவணங்கள்தான் நேரம் எடுக்கும். இவற்றை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதல். பிடுங்கிய பல் எப்படியும் குப்பைக்குப் போவதுதானே என்று நானும் நினைத்தேன். அது மனித உடற்பகுதி. ஒப்புதலும், பல் கொடுத்தவரின் சம்மதமும் இல்லாமல் எந்த நல்ல ஆய்விதழும் கட்டுரையை வாங்காது. பெரிய பொறி என்னவென்றால், வேலை முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு ஒப்புதல் கிடைக்காது. குழு எப்போது கூடுகிறது என்று கேட்டுக்கொண்டு அதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். இயற்கைப் பல்லையே பயன்படுத்தாமல் ஸ்டீயடைட் (பல்லுக்குப் பதிலாக வைக்கும் ஒரு பீங்கான்) உருண்டை மட்டும் வைத்துச் செய்வதாக இருந்தாலும், விலக்கு அளித்ததாக ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

தேதியிட்ட செய்முறைத் திட்டம். இரண்டு பக்கம் போதும். குழுக்கள், சாம்பிள் எண்ணிக்கை, பாலிஷ் படிகள், சுமை, சுழற்சி எண்ணிக்கை, முதன்மை அளவு. ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும் கட்டாயம்.

லாட் எண், அதாவது டப்பாவில் அச்சிட்ட உற்பத்தித் தொகுதி எண். ஒவ்வொரு டிஸ்க், பிளாக் (சாம்பிளை வெட்டியெடுக்கும் வட்டும் கட்டியும்), கிளேஸ் பேஸ்ட், பாலிஷ் ரப்பர் டப்பாவையும் திறக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து டப்பா இருக்காது, ஆனால் கேள்வி வரும்.

உலைப் பதிவு. ஜிர்கோனியாவை எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் சுட்டார்கள் என்று ஆய்வுக்கூடத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாக 1450 முதல் 1550 டிகிரி செல்சியஸ். அவசரத்துக்கு வேக முறையில் சுட்டிருக்கக்கூடும். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்தால் பாதி சாம்பிள் ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி ஆகிவிடும்.

அளவைக் கருவிகளின் அளவுத்திருத்தச் சான்றிதழ், இயந்திரம் வைத்திருக்கும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ விலைப்புள்ளி. இந்த இரண்டாவதில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: நடுவில் இயந்திரம் நின்றால் அந்த நாளுக்கும் கட்டணமா, இல்லையா? நான் கேட்கவில்லை. நின்றது. கட்டினேன்.

3. நேரத்தையும் செலவையும் கணக்குப் போடுங்கள்

மெல்லும் இயந்திரத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 12 லட்சம் சுழற்சி (ஒரு சுழற்சி என்பது ஒரு மெல்லல்), 49 நியூட்டன் சுமை. 49 நியூட்டன் என்பது ஐந்து கிலோ எடை. இயந்திரம் நொடிக்கு 1.6 சுழற்சி ஓடினால் 12 லட்சத்துக்கு 7,50,000 நொடி. அதாவது 208 மணி நேரம், ஏறக்குறைய ஒன்பது நாள், இரவு பகலாக. நொடிக்கு 1.2 தான் ஓடும் என்றால் பதினொன்றரை நாளுக்கு மேல்.

ஆறு குழு, குழுவுக்கு எட்டு, மொத்தம் 48 சாம்பிள். இயந்திரத்தில் எட்டு அறை இருந்தால் ஆறு ஓட்டம். 52 நாள். இது நிறுத்தாமல் ஓடினால். நடுவில் மூன்று முறை நிறுத்தி அளக்கப்போகிறீர்கள், நிறுத்தத்துக்கு இரண்டு நாள் என்றால் ஓட்டத்துக்கு ஆறு நாள் கூடும், மொத்தம் 36 நாள் கூடுதல். சரி, மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று துறையில் யாராவது சொன்னால், அவர் சுழற்சியைக் குறைத்து ஓட்டியிருப்பார்.

செலவில் பெரும்பங்கு இயந்திர நாள் வாடகை. அடுத்து முப்பரிமாண ஸ்கேன், அதற்கடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கி மணிக்கட்டணம். பொருள் செலவு நாம் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. 98 மி.மீ. ஜிர்கோனியா டிஸ்க் ஒன்றிலேயே சின்னச் சாம்பிள்கள் இருபதுக்கு மேல் வெட்டலாம். கணக்கில் எல்லோரும் விடுவது பாலிஷ் ரப்பர்கள். அவை தேயும். தேய்ந்த ரப்பரால் செய்த எட்டாவது சாம்பிள், புது ரப்பரால் செய்த முதல் சாம்பிள் மாதிரி இருக்காது. நான் நான்கு சாம்பிளுக்கு ஒரு செட் என்று வைத்தேன். செலவு கூடும், ஆனால் இதில் சிக்கனம் பிடித்தால் வேறு இடத்தில் அழ வேண்டியிருக்கும்.

குழுவுக்கு எட்டு என்பது இயந்திரத்தில் எட்டு அறை இருப்பதால் பலர் எடுக்கும் எண். அதற்கு முன் ஒரு சின்ன முன்னோட்டம் ஓட்டி, அதில் வந்த சராசரியையும் விலகலையும் வைத்துப் புள்ளியியலாளரிடம் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எட்டு போதும் என்று வந்தால் நல்லது. போதாது என்றால் குழுவைக் குறையுங்கள், சாம்பிளைக் குறைக்காதீர்கள்.

4. சாம்பிள் தயாரிப்பு

ஜிர்கோனியா சுடும்போது 20 முதல் 25 சதவீதம் சுருங்கும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் சரியான சுருக்க எண் அச்சிட்டிருக்கும். அதைப் போட்டு வெட்டுங்கள், பொதுவான எண்ணை அல்ல. எந்த ரக ஜிர்கோனியா என்பதும் முக்கியம். 3 மோல் சதவீத இட்ரியா (படிகத்தை நிலைப்படுத்தக் கலக்கும் ஆக்சைடு) உள்ளதும் 5 மோல் சதவீத இட்ரியா உள்ள ஒளி ஊடுருவும் ரகமும் ஒன்றல்ல. விரிசலைத் தானே தடுத்துக்கொள்ளும் குணம் இரண்டாவதில் குறைவு.

லித்தியம் டைசிலிகேட் பிளாக் நீல நிறத்தில் வரும்போது முழுப் படிகமாகியிருக்காது, மென்மையாக இருக்கும். வெட்டும் வேலையை அப்போதே முடித்துவிட்டு, உற்பத்தியாளர் சொன்னபடி சுட வேண்டும்.

எல்லாச் சாம்பிளின் தொடக்க நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே வகை டயமண்ட் பர்ரை எல்லாப் பீங்கான் சாம்பிளிலும் ஓட்டி, அங்கிருந்து குழு பிரியுங்கள். நான் சிவப்பு வளையம் போட்ட நுண்ரக பர் எடுத்தேன், துகள் சுமார் 46 மைக்ரான். வாயில் கடி உயரமாக இருக்கும் கிரவுனில் நடப்பதும் இதுதான்.

5. பாலிஷ்: இங்கேதான் ஆய்வு பிழைக்கும் அல்லது சாகும்

முதல் பொறி மணல்தாள் எண். தாளின் பின்னால் எண்ணுக்கு முன் ‘பி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பி 1200 தாளின் துகள் சுமார் 15 மைக்ரான். பி இல்லாத அமெரிக்க அளவு 1200 தாளில் துகள் அதில் பாதிக்கும் குறைவு. பி 1200-க்கு ஏறக்குறைய இணையானது அமெரிக்க 600. முதல் முறை நான் இரண்டையும் கலந்து வாங்கியிருந்தேன் என்பது குப்பையில் போட்ட பிறகுதான் தெரிந்தது. கட்டுரையில் "1200 தாள்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இரண்டாவது, பொருளுக்கேற்ற பாலிஷ். ஜிர்கோனியாவுக்கு டயமண்ட் துகள் பதித்த ரப்பர்தான். பழைய பீங்கான் பாலிஷ் செட்டிலுள்ள சிலிக்கான் கார்பைட் ரப்பரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மினுக்கம் வரும், கீறல் போகாது. மினுக்கத்தை நம்பாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்த சாம்பிளில் பர் போட்ட பள்ளங்கள் அடியில் அப்படியே இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். கரடு, நடுத்தரம், நுண்மை என்று படி மாறும்போது முந்தைய படியின் கோடுகளுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். பழைய கோடு முழுவதும் மறையும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், கடைசி ரப்பரை எத்தனை நிமிடம் ஓட்டினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது, கை அழுத்தம். எல்லோரும் "மிதமான அழுத்தம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். என்ன மிதம்? நான் ஒரு சமையலறைத் தராசை வாங்கி, அதன் மேல் பழைய சாம்பிளை மெழுகில் ஒட்டி, ஹேண்ட்பீஸை (ரப்பரைச் சுழற்றும் கைக்கருவி) ஓட்டிக்கொண்டே எண்ணைப் பார்த்துப் பழகினேன். 200 கிராம் காட்டினால் ஏறக்குறைய 2 நியூட்டன். முதல் நாள் எண் 90-க்கும் 600-க்கும் இடையே குதித்தது. பேச்சுக் கொடுத்தால் கை தன்னால் அழுத்தும், களைத்தால் தளரும். மூன்று நாள் அரைமணி பழகிய பிறகு 200-ஐ ஒட்டி நின்றது. அப்புறம் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் தராசு. ஒரே ஆள்தான் எல்லாச் சாம்பிளையும் செய்ய வேண்டும், ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், ஒரே குழுவை ஒரே நாளில் முடிக்காதீர்கள். வேகம் உற்பத்தியாளர் சொன்னது, ஒரு படிக்கு எத்தனை நொடி என்பது கடிகாரம் பார்த்து.

நான்காவது, வெப்பம். ஜிர்கோனியா வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீர் இல்லாமல் பர் ஓட்டினால் பொறி பறக்கும். அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தால் மேற்பரப்பில் படிக அமைப்பு மாறி, அந்த இடம் ஏறக்குறைய 4 சதவீதம் கன அளவில் விரியும். பர் வேலைக்குத் தண்ணீர் கட்டாயம்.

இனி கிளேஸ். கிளேஸ் என்பது பீங்கான் மேல் உருக்கிய மெல்லிய கண்ணாடித் தோல். போட்ட அன்று வழவழப்பாக இருக்கும். ஆனால் மெல்லும்போது முதலில் போவது அதுதான். போனபின் அடியில் நீங்கள் மறைத்து வைத்த பர் கோடுகள் வெளியே வரும், பெயர்ந்த கண்ணாடியும் நடுவில் கிடந்து ராவும். அதனால் என் கருத்து: கிளேஸ் போடுவதாக இருந்தாலும் கடிபடும் இடத்தை முதலில் பாலிஷ் செய்துவிட்டுத்தான் போட வேண்டும். வசதி இருந்தால் "பாலிஷ் செய்து கிளேஸ்" என்று ஒரு குழுவைச் சேருங்கள். பணம் இல்லாததால் நான் விட்டுவிட்டேன், இன்றும் வருத்தம் உண்டு. சிகிச்சை அறையில் இருப்பவர்களுக்கு ஒன்று: கடியைச் சரிசெய்த பிறகு கிரவுனை மீண்டும் உலைக்கு அனுப்ப முடியாது. ஒட்டியாகிவிட்டது. கையில் இருப்பது டயமண்ட் ரப்பர் மட்டும்தான், அதற்கு ஆகும் சில நிமிடத்தை ஒதுக்குங்கள்.

காம்போசிட் எடுப்பவர்களுக்குத் தனிக் கதை. மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை வைத்து அழுத்தி ஒளி காட்டினால் கிடைக்கும் பரப்புதான் அளவில் மிக வழவழப்பானது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த மேல்தோலில் பிசின் அதிகம், நிரப்புத் துகள் குறைவு. மென்மையானது, சீக்கிரம் தேயும். அதை எடுத்துவிட்டுத்தான் பாலிஷ் தொடங்க வேண்டும். மிக வழவழப்பான பரப்பு மிகக் குறைவாகத் தேயும் என்ற விதி இங்கே எடுபடாது. காம்போசிட் சாம்பிளை 37 டிகிரி நீரில் 24 மணி நேரம் வைத்த பிறகு பாலிஷ் செய்வது நல்லது. அலுமினியம் ஆக்சைடு வட்டுகள் பிசினையும் துகளையும் சமமாகச் சீவும். மென்மையான ரப்பர்கள் சிலவற்றில் பிசின் மட்டும் பள்ளமாகி, துகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

6. சொரசொரப்பை அளப்பது

எல்லோரும் தரும் எண் ஆர்.ஏ., சராசரி சொரசொரப்பு. 0.2 மைக்ரானுக்குக் கீழே போனால் பல்லழுக்கு ஒட்டுவது மேற்கொண்டு குறைவதில்லை என்பது 1997 முதல் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லை. அது பாக்டீரியாவுக்கான எல்லை. தேய்மானத்துக்கு அதையே எல்லையாக எழுதிவிடாதீர்கள். என் முதல் வரைவில் நான் எழுதியிருந்தேன், சிவப்பு மையில் திரும்பி வந்தது.

ஆர்.ஏ. மட்டும் போதாது. மேடு மட்டும் உள்ள பரப்பும் பள்ளம் மட்டும் உள்ள பரப்பும் ஒரே ஆர்.ஏ. காட்டலாம். எனாமலை உழுவது மேடுகள்தான். ஆர்.இசட். என்ற உயர அளவையும், மேடா பள்ளமா என்று சொல்லும் ஆர்.எஸ்.கே. அளவையும் சேர்த்து எடுங்கள். இயந்திரம் எப்படியும் கணக்கிட்டுத் தரும், பதிவு செய்யாமல் விடுவது நாம்தான்.

கருவியில் ‘கட் ஆஃப்’ என்று ஒரு அமைப்பு உண்டு. எந்த நீளத்துக்கு மேலான ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்று அது சொல்லும். ஆர்.ஏ. 0.02 முதல் 0.1 மைக்ரான்வரை இருந்தால் 0.25 மி.மீ., 0.1 முதல் 2 வரை இருந்தால் 0.8 மி.மீ. என்பது வழக்கமான விதி. பர் போட்ட குழுவுக்கு ஒன்று, பாலிஷ் குழுவுக்கு ஒன்று என்று மாறினால் எதை வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாம்பிளிலும் பாலிஷ் கோடுகளுக்குக் குறுக்காகக் கருவியின் ஊசியை ஐந்து முறை ஓட்டுங்கள். கோட்டுப்போக்கிலேயே ஊசி போனால் எல்லாம் அருமையாகத்தான் தெரியும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு எடுத்த சாம்பிளில் தங்கம் பூசிவிடுவார்கள். அதை மீண்டும் இயந்திரத்தில் ஏற்ற முடியாது. படத்துக்கென்று குழுவுக்கு இரண்டு கூடுதலாகச் செய்யுங்கள், அல்லது சிலிக்கோன் அச்சு எடுத்து எபாக்ஸி நகலைக் கொடுங்கள்.

7. எதிர்ப்பல்

இயற்கைப் பல்லா, ஸ்டீயடைட் உருண்டையா? ஸ்டீயடைட் எல்லாம் ஒரே அளவு, ஒரே தன்மை, எண்களில் சிதறல் குறைவு. இயற்கைப் பல்லில் முனையின் வடிவமும் எனாமல் தடிமனும் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கேள்வி எனாமலைப் பற்றியதுதானே. நான் பல்லைத்தான் எடுத்தேன், ஒரே மாதிரி முனை கிடைக்க 48-க்கு நூறுக்கு மேல் புரட்ட வேண்டியிருந்தது.

பிடுங்கிய பல் காயக் கூடாது. காய்ந்தால் எனாமலில் விரிசல் ஓடும். குளோராமின்-டி என்ற கிருமிநாசினிக் கரைசலில் அதிகபட்சம் ஒரு வாரம், பிறகு 4 டிகிரியில் காய்ச்சி வடித்த நீரில், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். பல் ஒட்டுதல் சோதனைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11405 சொல்வது இதைத்தான், இங்கேயும் பொருந்தும். ஃபார்மலினில் போட்டு வைத்த ஜாடியை யாராவது அன்போடு கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். 3-ஆம் பகுதியில் போட்ட மூன்று மாதத்தையும் இந்த ஆறு மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்லைச் சேகரிக்கத் தொடங்கும் நாள் ஏன் முக்கியம் என்று புரியும்.

8. இயந்திரத்தை ஓட்டுவது

ஓட்டத்துக்கு ஒரு குழு என்று ஏற்றாதீர்கள். முதல் ஓட்டத்தில் பம்ப் சரியில்லை என்றால் அந்தக் குழு முழுவதும் கெடும், அது பொருளின் குணமாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆறு குழுவிலிருந்தும் ஒவ்வொன்று, மீதி இரண்டு அறைக்கு இரண்டு குழு முறைவைத்து. ஆறு ஓட்டம் முடியும்போது எல்லாக் குழுவும் சரியாக எட்டு ஓடியிருக்கும். அறை எண்ணும் மாறி மாறி வரட்டும்.

5 டிகிரி, 55 டிகிரி என மாறும் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் பெயர்ந்த துகளைக் கழுவிச் செல்வதும் ஒரு வேலை. தாரை அடைத்துக்கொண்ட அறையில் துகள் தங்கி, அந்தச் சாம்பிள் மட்டும் பயங்கரமாகத் தேய்ந்திருக்கும். காலையும் மாலையும் எட்டு அறையையும் கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். நான் ஓட்டிய மூன்றாம் ஓட்டத்தில் ஐந்தாம் அறை அப்படி அடைத்தது, அந்த ஒரு வரி இருந்ததால்தான் அந்தச் சாம்பிளைக் காரணம் சொல்லி நீக்க முடிந்தது.

1,20,000, 2,40,000, 6,00,000 சுழற்சியில் நிறுத்தி அளந்துவிட்டு, 12 லட்சத்தில் முடியுங்கள். தொடக்கத்தில் தேய்மானம் வேகமாக இருக்கும். கூர்முனை தட்டையாகி, தொடும் பரப்பு பெரிதாக, அழுத்தம் குறைந்து வேகம் மட்டுப்படும். கடைசியில் மட்டும் அளந்தால் கிளேஸ் எப்போது போனது என்பது தெரியவே தெரியாது. என் கிளேஸ் குழுவில் முதல் நிறுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை, அடுத்ததில் சட்டென்று பிரிந்தது. ஆய்வேட்டில் தேர்வாளர்கள் நின்று படித்த ஒரே வரைபடம் அதுதான்.

12 லட்சம் சுழற்சி ஐந்து வருடத்துக்குச் சமம் என்று பரவலாக எழுதுவார்கள். அது ஒரு வழக்கம் மட்டுமே. அடித்துச் சொல்லாதீர்கள்.

9. தேய்ந்ததை அளப்பது

ஓடுமுன் ஒரு ஸ்கேன், ஓடியபின் ஒரு ஸ்கேன், தேயாத இடத்தை வைத்து ஒன்றின் மேல் ஒன்று பொருத்திக் கழிப்பது. தேயாத இடம் இருக்க வேண்டுமே! பல் முனைக்குக் கீழே மூன்று சின்னப் பள்ளம் போட்டு அடையாளம் வையுங்கள்.

ஏற்றுமுன் ஒரே சாம்பிளைப் பத்து முறை ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். தேயாத சாம்பிளிலேயே 15 மைக்ரான் வித்தியாசம் காட்டினால், 20 மைக்ரான் தேய்மானத்தை அந்தக் கருவியால் நம்பிச் சொல்ல முடியாது. வாய்க்குள் வைக்கும் ஸ்கேனர் துறையில் சும்மாக் கிடக்கிறதே என்று எடுத்தால் இந்தப் பிரச்சினை வரும். பளபளப்புக்குப் பவுடர் தெளித்தால் பவுடரின் தடிமனும் கணக்கில் சேரும். எடை போட்டு அளக்கலாமா என்று கேட்பீர்கள். காம்போசிட் தண்ணீரை உறிஞ்சும், எடை ஏறும். வேண்டாம்.

ஆழம், கன அளவு இரண்டையும் தாருங்கள். முடிந்தபின் பொருளின் சொரசொரப்பையும் மீண்டும் அளக்க மறக்காதீர்கள். தொடக்க ஆர்.ஏ. எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு நாள் நின்றது என்பதுதான் எனக்கு அதிகம் சொன்னது.

10. எண்கள்

எட்டுச் சாம்பிள், சாம்பிளுக்கு ஐந்து அளவீடு, ஆகவே நாற்பது என்று போடாதீர்கள். எட்டுதான். ஐந்தின் சராசரியை எடுத்து ஒரு சாம்பிளுக்கு ஒரு எண். நாற்பது போட்டால் எல்லாமே புள்ளியியல்படி முக்கியமான வேறுபாடாக வரும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும், கூர்மையான தேர்வாளர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. என் நண்பன் சாம்பிள்களுக்கு எண் மட்டும் ஒட்டிக் கொடுத்தான், பட்டியலை அவனே பூட்டி வைத்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் சாம்பிள்களைக் கடாசாதீர்கள். எதிர்ப்பற்களோடு இணை இணையாக, எண் ஒட்டிய சின்ன டப்பாக்களில் போட்டு வையுங்கள். வாய்மொழித் தேர்வில் ஒருவர் கிளேஸ் குழுவில் 14 என்று எண் ஒட்டிய சாம்பிள் மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்று கேட்டார். டப்பாவைத் திறந்து சாம்பிளை அவர் கையில் கொடுத்தேன். கண்ணருகே வைத்து, நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். "இங்கே கிளேஸ் பிடிக்கவே இல்லையே" என்றார். லாட் எண்ணும் உலைப் பதிவும் அடுத்த பக்கத்தில் இருந்தன.